அளவறிந்து ஊட்டும் பொறி: பெற்றோல் உட்செலுத்து முறையின் வரலாறு

தோற்றுவாய்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முதுமொழி. உணவுக்கும் மருந்துக்கும் பொருந்தும் இவ்வுண்மை மோட்டார் வாகனம் குடிக்கும் பெற்றோலுக்கும் பொருந்துவதாகும். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு, நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு வளி வேண்டும். பெற்றோல் இவ்வளவினும் மிகுந்தால் கரியும் புகையும் விரயமும் உண்டாகும். குறைந்தால் பொறி வலுவிழந்து திணறி நின்றுவிடும். ஆகவே, மோட்டார்ப் பொறியின் வரலாறு என்பது ஒரு வகையில் இவ்வளவைக் காப்பதற்கு மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறே என்க.

மண்முனைப் பாலத்தினூடாக எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நாளும் ஓடும் வாகனங்களில் இருவகை உண்டு. காபரேற்றர் பூட்டியவை ஒரு வகை. உட்செலுத்தி பூட்டியவை மற்றொரு வகை. பின்னதை நம் மாணவருட் பலர் கணினி யுகம் ஈன்ற புதுமை என்றே கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பெற்றோலைப் பம்பியினால் அளந்து பொறிக்குள் செலுத்தும் முறை 1906ஆம் ஆண்டளவிலேயே கையாளப்பட்டது. எனினும் அது சாதாரண மக்களின் வாகனத்தை அடைய அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. கருத்துத் தோன்றியதற்கும் அது வழக்கில் வந்ததற்கும் இடையே இத்துணை நீண்ட இடைவெளி ஏன் உண்டாயிற்று என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினாவாகும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் கீழ்மாகாணம் தந்த விபுலாநந்த அடிகளார். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல இயலும் என்ற அவரது உறுதியை நெஞ்சிற் கொண்டு, இயன்றவரை தமிழ்ச் சொற்களையே ஈண்டு ஆண்டுள்ளேன். கராஜில் வேரூன்றிவிட்ட சொற்களை அவ்வாறே விட்டுள்ளேன்.

காபரேற்றரின் காலம்

பெற்றோற் பொறியின் அடிப்படை எளிது. உருளைக்குள் முசலம், அதாவது பிஸ்டன், கீழிறங்கும்போது வளியும் பெற்றோல் ஆவியும் உள்ளே இழுக்கப்படுகின்றன. அது மேலேறும்போது கலவை அமுக்கப்படுகின்றது. பிளக்கிற் பிறக்கும் மின்பொறி அதனைக் கொளுத்துகின்றது. எரிந்த வாயு விரிந்து முசலத்தைக் கீழே தள்ளுவதனால் வேலை கிடைக்கின்றது. இறுதியில் கழிவு வாயு வெளியேற்றப்படுகின்றது. இந்நான்கு வீச்சுகளுள் முதலாவதற்குரிய கலவையை ஆக்கிக் கொடுப்பதே பிரச்சினை.

1886இல் கார்ல் பென்ஸ் ஓட்டிய முதல் மோட்டார் வண்டியில், வளியானது பெற்றோலின் மேற்பரப்பைத் தடவிச் சென்று ஆவியைச் சுமந்துவந்தது. வெயிலில் ஆவி மிகும், குளிரிற் குறையும். ஆதலின் அளவு நிலைபெறவில்லை. 1893ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான வில்கெல்ம் மைபாக்கும், அங்கேரியரான பாங்கி, சொங்கா என்னும் இருவரும் தனித்தனியே தெளிப்புக் காபரேற்றரை அமைத்தனர். இதன் உட்கருத்து 1738இல் டானியல் பேர்ணூலி விளக்கிய உண்மையாகும்: பாய்மம் விரைந்து ஓடுமிடத்து அதன் அமுக்கம் குறையும். குழாயின் நடுவே இடுக்கான கழுத்து ஒன்றை வைத்தால் அங்கே வளி விரைகின்றது; அமுக்கம் குறைகின்றது. அவ்விடத்தில் நீட்டப்பட்ட சிறு துளைவாயின் வழியே பெற்றோல் தானாகவே உறிஞ்சப்பட்டுச் சிதறுகின்றது. பெற்றோலின் மட்டம் மாறாதிருக்க ஒரு சிறு கிண்ணமும் அதனுள் ஒரு மிதவையும் உண்டு.

இது எத்துணை நயமான அமைப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மின்சாரம் வேண்டாம்; பம்பியும் பல வாகனங்களில் வேண்டாம். மரநிழலில் வைத்து ஒரு திருப்புளியால் கழற்றி, ஊதித் துடைத்து, மீண்டும் பூட்டிவிடலாம். விலையும் மலிவு. இத்தகைய எளிய கருவி கையில் இருக்கும்போது வேறொன்றைத் தேடுவார் யார்? உட்செலுத்து முறை தாமதித்ததற்கு முதற் காரணம் காபரேற்றரின் இந்நற்குணமே.

ஆயின் அதனிடம் குறைகளும் இருந்தன. ஒரே இடத்தில் உண்டாகும் கலவை பல உருளைகளுக்குப் பிரியும்போது, அண்மையில் உள்ள உருளைக்கு ஓரளவும் தொலைவில் உள்ளதற்கு வேறோரளவும் செல்லும். குளிர்ந்த பொறியில் பெற்றோல் குழாய்ச் சுவரிற் படிந்து திரவமாகவே நிற்கும். அதனை ஈடுசெய்ய, சோக்கை இழுத்து மிகுதியான பெற்றோலைக் கொடுக்க நேரும். மேலும், மிதவை ஈர்ப்பு விசையை நம்பியே வாழ்வது. வாகனம் தரையில் ஓடும்வரை இதனால் இடரில்லை. வானத்திலோ நிலைமை வேறு.

வானத்தில் நேர்ந்த சோதனை

உட்செலுத்து முறையை முதலில் நாடியவர்கள் விமானம் கட்டியோரே. பிரான்சில் லெவவாசர் என்பார் அமைத்த அந்துவானெத் பொறியில், ஒரு சிறு பம்பி ஒவ்வோர் உருளையின் உள்வாயிலுக்கும் பெற்றோலைச் செலுத்தியது. 1906இல் பாரிஸ் மாநகரில் சாந்தோஸ் துமோன் பறந்த விமானம் இப்பொறியையே கொண்டிருந்தது. எனினும் அக்காலத்திற் பம்பியின் நுண்ணிய உறுப்புகளைப் பிழையறக் கடைந்தெடுத்தல் அரிதாயிற்று; நுண்துளைகள் அழுக்கினால் அடைபட்டன. எனவே காபரேற்றரே மீண்டும் அரியணை ஏறிற்று.

இதற்கிடையே டீசற் பொறி வளர்ந்தது. டீசல் எண்ணெயை மிகுந்த அமுக்கத்தில் உருளைக்குள் தள்ளியே ஆகவேண்டும்; வேறு வழியில்லை. 1927இல் பொஷ் நிறுவனம் டீசற் பொறிக்கான உட்செலுத்து பம்பியைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. நுண்ணிய பம்பிகளைத் திருத்தமாகக் கடையும் கைத்திறன் இவ்வாறு டீசலின் பள்ளியில் பயிலப்பட்டது. அத்திறனே பெற்றோலுக்கும் பின்னர் உதவிற்று.

1940இல் இங்கிலாந்தின் வானத்திலே நடந்த போரில் இரு முறைகளும் நேருக்கு நேர் நின்றன. ஜேர்மன் மெசர்சிமித் 109 விமானத்தின் டைம்லர்-பென்ஸ் 601 பொறி, பெற்றோலை நேரே உருளைக்குட் செலுத்துவது. பிரித்தானிய ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களின் மேர்லின் பொறியோ மிதவைக் காபரேற்றரைக் கொண்டது. ஜேர்மன் விமானி மூக்கைத் திடீரெனத் தாழ்த்திப் பாய்ந்தால், பின்தொடரும் பிரித்தானிய விமானியும் அவ்வாறே பாய முயல்வான். அக்கணமே மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெற்றோல் மேலெழும். பொறி முதலில் பெற்றோலின்றித் திணறும். பின்னர் மிகுதியான பெற்றோலில் மூழ்கி ஓயும். இதனைத் தவிர்க்க அவன் விமானத்தைக் கவிழ்த்துப் பாயவேண்டியிருந்தது. அதற்குள் பகைவன் தப்பிவிடுவான்.

இவ்விடரைத் தணித்தவர் பார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பியாற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர். பொறியின் உச்ச வலுவுக்கு வேண்டிய அளவு பெற்றோல் மட்டுமே செல்லத்தக்க துளையிட்ட ஒரு சிறு உலோகத் தகட்டை அவர் அமைத்தார். 1941இல் அது விமானங்களுக்குப் பூட்டப்பட்டது. நோயை அது முற்றாக நீக்கவில்லை. ஆயினும் உயிர் காத்தது. பிரித்தானியப் பொறியியலாளர் காபரேற்றரைக் கைக்கொண்டது அறியாமையால் அன்று என்பதும் நோக்கற்பாலது. காபரேற்றரிலே பெற்றோல் ஆவியாகும்போது வளி குளிர்ந்து செறிகின்றது. அதனால் வலு கூடுகின்றது. அவர்கள் ஒரு நன்மைக்காக ஒரு தீமையைத் தாங்கினர்.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், தன் விமானங்கள் இன்றியே கடலிற் சென்றுகொண்டிருந்தபோது, மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அன்று திருகோணமலையைக் காக்கச் சீனக்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன்களும் மேர்லின் பொறியைக் கொண்டவையே. அன்றைய அழிவுக்குக் காபரேற்றரே காரணம் எனல் பொருந்தாது. ஆயினும் ஐரோப்பாவிற் சோதிக்கப்பட்ட பொறிகள் நம் வாவிக்கு அருகிலும் முழங்கின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தரைக்கு இறங்கிய கலை

போர் முடிந்தபின் விமானத்திற் பழகிய அறிவு தரைக்கு இறங்கிற்று. டைம்லர்-பென்ஸ் 601 பொறியின் உட்செலுத்து முறையில் உழைத்தவர்களுள் ஒருவரான ஹான்ஸ் ஷெரன்பேர்க், போருக்குப் பின் கூற்புரொட் என்னும் சிறு நிறுவனத்திற் பணியாற்றினார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கூற்புரொட், கோலியாத் ஆகிய சிறு வண்டிகள் பொஷ் பம்பியுடன் வெளிவந்தன. 1954இல் மேர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். என்னும் புகழ்பெற்ற வண்டி, நான்கு வீச்சுப் பொறியில் நேர் உட்செலுத்தலோடு விற்பனைக்கு வந்தது.

ஆனால் அப்பம்பி முற்றிலும் இயந்திரக் கட்டமைப்பு, விலை மிகுந்தது. வண்டியின் சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும், பொறி சுழன்று ஓயும்வரை பம்பி பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருந்தது. எரியாத அப்பெற்றோல் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவிக் கீழிறங்கி, மசகெண்ணெயைக் கெடுத்தது. செல்வர் வண்டிக்கு இது பொறுக்கத்தக்க குறையாயினும் ஏனையோர்க்கு ஒவ்வாது.

மின்னியல் வழியை முதலில் முயன்றது அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம். 1957இல் அது அறிவித்த முறையில் மின்காந்தத்தால் திறந்து மூடும் உட்செலுத்திகள் இருந்தன. கருத்துச் செம்மையானது, ஆயின் அக்கால மின்னுறுப்புகள் பொறியின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. மிகச் சில வண்டிகளிலேயே அது பூட்டப்பட்டது. அவற்றுள்ளும் பல பின்னர் காபரேற்றருக்கே மாற்றப்பட்டன. பெண்டிக்சின் காப்புரிமைகள் பொஷ்சின் கைக்குச் சென்றன. விதை நன்று, நிலம் இன்னும் பதப்படவில்லை என்க.

திரான்சிஸ்டரும் சட்டமும்

நிலத்தைப் பதப்படுத்தியவை இரண்டு. ஒன்று, 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிஸ்டர். அது சிறியது, உறுதியானது, ஆண்டுதோறும் மலிவாகியது. மற்றது, லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்த புகைமூட்டம். எரியாத ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் வினைப்பட்டே கண்ணை எரிக்கும் அப்புகைமூட்டம் பிறக்கின்றது என ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயனப் பேராசிரியர் ஐம்பதுகளின் முற்பகுதியில் நிறுவினார். குற்றவாளி மோட்டார் வாகனம் என்பது தெளிவாயிற்று, சட்டம் பிறந்தது.

1967இல் அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற வொல்க்ஸ்வாகன் 1600 வண்டியில் பொஷ்சின் டி-ஜெற்ரோனிக் முறை பூட்டப்பட்டது. உள்ளெடுப்புக் குழாயின் அமுக்கத்தை உணர்ந்து, வேண்டிய பெற்றோலைக் கணித்து, உட்செலுத்திகளை மின்னாற் திறந்த இம்முறையே மக்கள் வண்டியில் வெற்றிபெற்ற முதல் மின்னியல் உட்செலுத்தலாகும். 1973இல் வந்த எல்-ஜெற்ரோனிக், புகும் வளியின் அளவையே ஒரு மடலினால் அளந்தது.

1976இல் வொல்வோ வண்டியில் ஒட்சிசன் உணரி அறிமுகமாகியது. அதுவரை கட்டுப்பாட்டுக் கருவி பெற்றோலைக் கொடுத்ததே அன்றி, எரிந்தது எவ்வாறு எனக் கேட்டதில்லை. இப்போது கழிவு வாயுவில் ஒட்சிசன் எஞ்சியுள்ளதா என்பதை உணரி கூற, கருவி தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டது. மாணவனின் விடைத்தாளைத் திருத்திப் பார்த்து மறுநாட் பாடத்தை மாற்றிக்கொள்ளும் ஆசிரியரை இது ஒக்கும். 1979இல் பொஷ்சின் மொட்ரோனிக் கருவி உட்செலுத்தலையும் மின்பொறி எழும் நேரத்தையும் ஒரே மூளையின்கீழ்க் கொண்டுவந்தது. 1996இல் யப்பானிய மிற்சுபிசி நிறுவனம் நேர் உட்செலுத்தலை மின்னியல் ஆட்சியோடு மீட்டெடுத்தது.

ஆகவே நம் வினாவுக்கு விடை கிடைத்தது. போர் தேவையைக் காட்டிற்று. டீசல் கைத்திறனைக் கொடுத்தது. திரான்சிஸ்டர் கருவியைத் தந்தது. சட்டம் கட்டாயத்தை உண்டாக்கிற்று. இந்நான்கும் ஒன்றுகூடும்வரை நல்ல கருத்தொன்று அறுபது ஆண்டுகள் காத்திருந்தது.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

வரலாறு இவ்வாறு ஈன்ற அமைப்பின் உறுப்புகளை இனி வரிசைப்படி காண்போம். தாங்கியினுள்ளே பெற்றோலில் அமிழ்ந்திருப்பது மின்பம்பி. அது தள்ளும் பெற்றோல் வடியினூடாகச் சென்று தூசு நீங்குகின்றது. அமுக்கச் சீராக்கி, சாதாரணமாக வளிமண்டல அமுக்கத்தைப் போல் மூன்று மடங்கு அளவில் அமுக்கத்தை நிலைநிறுத்துகின்றது. அமுக்கம் மாறாதிருப்பதனால், உட்செலுத்தி திறந்திருக்கும் நேரமே பெற்றோலின் அளவாகின்றது. அளத்தற் பிரச்சினை இவ்வாறு காலத்தை அளக்கும் பிரச்சினையாக மாறியதே இம்முறையின் சூட்சுமம்.

உட்செலுத்தியினுள் ஒரு கம்பிச்சுருளும், வில்லினால் அழுத்தப்பட்ட ஓர் ஊசியும் உண்டு. மின்னோட்டம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி ஊசியை இழுக்கின்றது. அவ்வசைவு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவே. அவ்விடுக்கினூடே பெற்றோல் நுண்துளியாகச் சிதறுகின்றது. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் நான்கு வீச்சுப் பொறியில் ஓர் உருளைக்குச் செக்கனுக்கு 25 முறை கலவை வேண்டும். அதாவது 40 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை. அதனுள் ஊசி திறந்திருப்பது சில மில்லிசெக்கன் மாத்திரமே.

எத்துணை நேரம் திறப்பது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கின்றது. அதற்குச் செய்தி கொணரும் தூதர்கள் பலர்: புகும் வளியின் அளவையோ அமுக்கத்தையோ உணர்த்துவது ஒன்று, அக்சிலரேற்றரின் கீழ் வளிமடல் எவ்வளவு திறந்துள்ளது என்பதைக் கூறுவது ஒன்று, பொறியின் வெப்பநிலையை அறிவிப்பது ஒன்று, சுழல்தண்டின் நிலையைச் சுட்டுவது ஒன்று. கழிவுக் குழாயில் அமர்ந்த ஒட்சிசன் உணரி, பெற்றோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ற்றும் குறைந்தால் 0.1 வோல்ற்றும் காட்டுகின்றது. கழிவு வாயு இறுதியாகப் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் பூசிய ஊக்கிக் கூட்டினூடாகச் செல்கின்றது. அங்கே காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகின்றது. எரியாத ஐதரோகாபன் நீரும் காபனீரொட்சைட்டும் ஆகின்றது. நைதரசன் ஒட்சைட்டு நைதரசனாக மீள்கின்றது. 14.7 என்னும் விகிதம் காக்கப்பட்டால் மட்டுமே இம்மூன்றும் ஒருங்கே நிகழும்.

நம் நாட்டில்

ஈயம் கலந்த பெற்றோல் இவ்வூக்கிக்கு நஞ்சாகும். 1921இல் அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட ஈயச் சேர்க்கை பொறியின் தட்டொலியைத் தணித்தது; ஆயின் குழந்தைகளின் மூளைக்குத் தீங்கு செய்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும் இலங்கையில் 2002ஆம் ஆண்டிலும் ஈயப் பெற்றோல் ஒழிந்தது. யப்பானிலிருந்து வந்த வண்டிகளின் மூலம் "இ.எப்.ஐ." என்ற எழுத்துகள் நம் கராஜ்களிற் பழக்கமாயின. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிகளோ, மோட்டார்ச் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் உட்செலுத்தியைப் பொதுவுடைமையாக்கின. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்ததும், அவ்விதிகளின்கீழ்ப் பிறந்த வண்டிகள் நம் ஊர்களுக்கும் வரத் தொடங்கின.

2022ஆம் ஆண்டை நாம் எவரும் மறவோம். பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றோம். அவ்வாண்டில் வந்த எரிபொருள் அனுமதி முறையின் தொடக்கத்தில், மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே கிடைத்தன. ஒரு துளியின் அருமையை அன்று நாடே கற்றது. துளியை அளந்து ஊட்டும் கருவியின் பயனுக்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயினும் புதுமுறை தன் கோரிக்கைகளோடு வருகின்றது. பம்பி தான் அமிழ்ந்திருக்கும் பெற்றோலினாலேயே குளிர்கின்றது. தாங்கி வற்ற வற்ற ஓட்டினால் அது கெடும். நீர் பெற்றோலினும் கனமானது. மாரி வெள்ளத்தில் தாங்கிக்குள் நீர் புகுந்தால் அடியிலே தங்கிப் பம்பியையும் ஊசியையும் துருப்பிடிக்கச் செய்யும். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் உட்செலுத்தியிலும் உணரியிலும் படிவை உண்டாக்கும். கடற்காற்றின் உப்பு மின்னிணைப்புகளை அரிக்கும். பற்றரி இறந்தால் பம்பி ஓடாது. தள்ளி உயிர்ப்பித்தலும் பெரும்பாலும் கைகூடாது. வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நமக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல.

இவற்றினும் பெரிது தொழிலாளரைப் பற்றிய கேள்வி. பொறியின் ஒலியைக் காதால் கேட்டு, பிளக்கின் நிறத்தைக் கண்ணாற் கண்டு, திருகாணியை இம்மியளவு திருப்பிக் கலவையைச் சரிசெய்யும் மெக்கானிக்குகள் நம்மிடையே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தனர். அவர் அறிவு ஏட்டில் ஏறாத அறிவு, எனினும் அறிவே. உட்செலுத்திப் பொறியோ தன் நோயை எச்சரிக்கை விளக்காலும் குறியீட்டெண்ணாலும் கூறுகின்றது. அதனை வாசிக்க ஸ்கேனரும், வாசித்ததைப் பொருள்கொள்ள மின்னியல் அறிவும் வேண்டும். குறியீடு ஒட்சிசன் உணரியைச் சுட்டினால் உணரிதான் கெட்டது என்பதில்லை. வளி கசிந்தாலும், பெற்றோல் அமுக்கம் குறைந்தாலும் அதே குறியீடு தோன்றலாம். காரணத்தை ஆராயாது உறுப்பை மாற்றுவோன் வைத்தியனாகான். படுவான்கரையில் ஒரு குடும்பத்தின் மோட்டார்ச் சைக்கிள் அதன் வயலும் சந்தையும் பாடசாலையும் ஆகும். அது பழுதானால் தொலைநகர் முகவரை நாடுவதன்றி வேறு வழியில்லை என்னும் நிலை வருமாயின், பெற்றோலில் மீதப்படுத்தியதைப் பழுதுபார்ப்பில் இழந்தவராவோம்.

முடிவுரை

2013ஆம் ஆண்டு தொடக்கம் நம் உயர்தர வகுப்புகளில் தொழினுட்பவியற் பிரிவு நடைபெறுகின்றது. அதிற் பயிலும் மாணவர் உட்செலுத்தியின் படத்தைப் பார்த்து வரைவதோடு அமையாது, பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பாடசாலை தன் ஊர்க் கராஜின் கதவைத் தட்டுதல் வேண்டும். அங்குள்ள முதிய மெக்கானிக் மாணவனுக்குக் கைத்திறனைக் கற்பிக்கட்டும். மாணவன் அவருக்குக் குறியீட்டின் பொருளைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். இருவர் அறிவும் கூடினாலன்றி எதுவும் முழுமையாகாது.

அந்துவானெத் பொறியின் சிறு பம்பி தோற்றது கருத்துப் பிழையால் அன்று. அதனைச் செய்யவும் பேணவும் வல்ல கைகள் அன்று போதாமையாலேயே. அக்கைகள் வளர்ந்தபோது அதே கருத்து உலகை ஆண்டது. கருவி கடல் கடந்து வரும். விலை கொடுத்தால் எவர்க்கும் கிடைக்கும். அதனைப் பேணும் கைகளையோ அவ்வவ்வூரே வளர்த்துக்கொள்ளல் வேண்டும். அக்கடமை நம் பாடசாலைகளின் வாயிலில் வந்து நிற்கின்றது.